உடம்புக்குள் வரும் விருந்தாளி

வீட்டுத் திண்ணையில் ஓர் இரவு படுத்துறங்க இடம் கேட்பவரிடம்கூட, "எந்த ஊர்? யாரைச் சேர்ந்தவர்?" என்று இரண்டு கேள்வி கேட்பது நம்முடைய வழக்கம். அப்படியிருக்க, நமது தேகத்திற்குள்ளேயே மூன்று வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று குடியிருக்க வரும் ஒரு பொருளிடம் எத்தனை கேள்வி கேட்க வேண்டும்? கர்ப்பத்தடைக்காக உடம்பினுள் வைக்கப்படும் சாதனங்களைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

குடும்பத்தில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கலாம். கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்ததனால் இந்த விஷயத்தில் வந்த தீமைகள்தாம் அதிகம். அவற்றை அநுபவித்தவர்களோ பெரும்பாலும் ஸ்திரீகள். ஆகவே கூச்சத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். ஜுரத்தில் கிடப்பவனுக்கு வைத்தியர் மருந்து கொடுக்கிறார். மருந்து கொஞ்சம் வயிற்றைப் புரட்டினாலும், உயிர் பிழைத்தால் போதும் என்று பொறுத்துக் கொள்ளுகிறோம். இருதயத்தின் வால்வு பழுதானவருக்குச் செயற்கை வால்வு வைக்கிறார்கள். அதில் சிறிது அபாயம் இருந்தாலும், வைக்காமல் இருப்பதில் அதைவிடப் பெரிய அபாயம் இருக்கிறது. கர்ப்பத்தடைச் சாதனத்தை ஏற்பவரோ நோயாளி அல்லர். திடகாத்திரமாக, வீட்டு வேலையும் வயல் வேலையும் தறி வேலையும் செய்து கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவருடைய உடம்பில் வைக்கும் பொருளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையான பரீட்சை வேண்டும். இதில் தகராறு ஒன்றும் இருக்க நியாயமில்லை. ஆனால் இந்த எளிய நியாயத்தை உலகம் கற்றுக் கொள்வதற்குள் எத்தனையோ பேர் துன்பப்பட்டு விட்டார்கள்.

எந்தெந்தப் பொருள்கள்?

1960-க்குப் பிறகு பரவிய 'லூப்' என்னும் வளையம் பாலிதீன் என்ற பிளாஸ்டிக்கினால் ஆனது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் உப்பைக் கலந்தார்கள். அதன் பின் வந்தது காப்பர்-டி. பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றியது. செம்பிலிருந்து நுண்ணிய அளவில் கரைந்து வரும் அணுக்கள் கர்ப்பம் தரிக்காமல் செய்கின்றன என்பதைச் சிலி தேசத்து வைத்தியர் ஜைமே ஸிப்பர் 1969-ல் வெளியிட்டார். அடுத்து, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சிகள் வந்தன. 'நார்பிளாண்ட்' என்பது சிலிகோன் ரப்பரால் ஆன ஆறு சிறு குழாய்கள். ஒவ்வொன்றின் நீளமும் 34 மில்லிமீட்டர். உள்ளிருக்கும் ஹார்மோன் மருந்து ரப்பர்ச் சுவரின் வழியே ஐந்து வருஷம் கசிந்து கொண்டிருக்கும். 1983-ல் பின்லாந்து தேசம் இதற்கு முதன்முதலில் அநுமதி அளித்தது. இப்பொழுது வழங்கும் ஒற்றைக் குச்சி 4 சென்டிமீட்டர் நீளமுள்ளது. எதிலீன் வினைல் அஸிடேட் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனது. மூன்று வருஷம் வேலை செய்யும். 2023-ஆம் வருஷத்தில் இந்தத் தோலடிக் குச்சி நமது தேசத்தின் குடும்பநலத் திட்டத்திலும் சில மாநிலங்களில் இடம் பெற்றது.

ஆகச் செம்பு, ரப்பர், பிளாஸ்டிக், நூல் என்று தினந்தோறும் நாம் கையாளும் சரக்குகள்தாம். ஆனால் கிணற்றுக்குள் இறங்கும் குழாய்க்குத் தண்ணீரைத் தாங்கினால் போதும். தேகத்திற்குள் போகும் குழாய்க்குத் தேகம் அதைத் தாங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கஷாயப் பரீட்சை

எப்படிப் பார்க்கிறார்கள்? இதற்கென்று 1992 முதல் உலகமெங்கும் வழங்கும் விதித் தொகுதி ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 10993 என்பது அதன் பெயர். விதிகளைப் படித்தால் தலை சுற்றும். அவற்றின் கருத்து நமது பாட்டிமாருக்கு நன்றாய் விளங்கக்கூடியதுதான்.

மூலிகையின் குணத்தை அறியப் பாட்டி என்ன செய்வாள்? அதைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்குவாள். ஆராய்ச்சிசாலையிலும் அதுவே முதல் வேலை. பொருளை உப்பு நீரிலும் எண்ணெயிலும் தனித்தனியே இட்டு, உடம்பின் சூடாகிய 37 டிகிரியிலோ அதற்கு மேற்பட்ட சூட்டிலோ பல மணி நேரம் ஊற வைக்கிறார்கள். நீரில் கரைவது ஒன்று, எண்ணெயில் கரைவது வேறொன்று. தேகத்தில் இரண்டும் இருக்கின்றன அல்லவா? இறங்கிய சாற்றில் என்னென்ன இருக்கின்றன என்று ரஸாயன முறையில் பார்க்கிறார்கள். பிறகு, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்களின் மேல் அதை விடுகிறார்கள். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் உயிரணுக்கள் வாடினால் அந்தச் சரக்கு விஷமுள்ளது என்று கணக்கு.

அதில் தேறினால் பிராணிகளிடம் பரீட்சை. தோலில் ஒவ்வாமை உண்டாக்குகிறதா என்று கினிப் பன்றியிடம் பார்ப்பார்கள். முயலின் தசைக்குள் சிறு துண்டை வைத்து, சில வாரமும் சில மாதமும் கழித்து எடுத்து, சுற்றியுள்ள சதை எப்படியிருக்கிறது என்று நுண்நோக்கியில் நோக்குவார்கள். மெல்லிய நார்ப்படலம் ஒன்று பொருளை மூடிக் கொண்டு அமைதியாயிருந்தால், தேகம் விருந்தாளியைச் சகித்துக் கொண்டது என்று அர்த்தம். வீக்கமும் சீழும் அழுகலும் கண்டால் விருந்தாளியை வெளியேற்ற வேண்டியதுதான்.

கர்ப்பத்தடைப் பொருளுக்கு இவற்றோடு இன்னும் சில கேள்விகள் உண்டு. மற்றச் சாதனங்களுக்கு இவை அவ்வளவாய்ப் பொருந்தா. சாதனத்தை எடுத்த பின் மறுபடி கர்ப்பம் உண்டாகுமா? சாதனம் தவறிக் கர்ப்பம் உண்டாகிவிட்டால், வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கெடுதல் வருமா? பால் கொடுக்கும் தாயின் பாலில் ஏதாவது கலக்குமா? உயிரணுக்களின் பரம்பரைக் கூறுகளை அப்பொருள் சிதைக்குமா? இக்கேள்விகளுக்காக எலிகளை ஒரு தலைமுறை மட்டுமன்றி அடுத்த தலைமுறையும் வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. சாதனம் பத்து வருஷம் இருக்கப் போகிறது. எலியின் ஆயுளோ இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகம். எலி எப்படிப் பத்து வருஷத்துக்கு ஜாமீன் கொடுக்கும்? பத்து டிகிரி சூடு ஏற்றினால் ரஸாயன மாறுதல்கள் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கணக்கை வைத்துப் பொருளைச் சூட்டறையில் வைத்து விரைவில் முதுமை அடையச் செய்கிறார்கள். இது நல்ல யுக்திதான். ஆனால் தேகம் அடுப்பல்ல. அங்கே இரத்தம் உண்டு, அசைவு உண்டு, கிருமி உண்டு. ஆகவே எத்தனை பரீட்சை தேறினாலும், கடைசியில் மனிதரிடம் சிறு கூட்டத்தில் தொடங்கிப் படிப்படியாய்ப் பெருக்கி, வருஷக்கணக்காய்க் கண்காணிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஒரு நூல் செய்த வினை

இந்தப் பரீட்சைகளை வீண் சம்பிரதாயம் என்று எண்ணுகிறவர்கள் 'டால்கன் ஷீல்ட்' கதையைக் கேட்க வேண்டும். நூல் என்றால் என்ன என்று திருச்செங்கோட்டாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர் நமது ஊர். இந்தக் கதையிலும் ஒரு நூல்தான் கதாநாயகன், இல்லை, வில்லன்.

அமெரிக்காவில் ஏ. எச். ராபின்ஸ் என்னும் கம்பெனி 1971-ல் இந்தக் கர்ப்பப்பைச் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அக்காலத்தில் அந்த நாட்டுச் சட்டத்தின்படி மருந்துக்குத்தான் முன்கூட்டிப் பரீட்சை வேண்டும், சாதனத்துக்கு வேண்டியதில்லை. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க ஸ்திரீகள் அதை வைத்துக் கொண்டார்கள். சாதனத்தை வெளியே இழுப்பதற்கு வால் போல ஒரு நூல் கட்டியிருந்தது. மற்றச் சாதனங்களில் இந்த நூல் ஒற்றை இழை. இதிலோ நூற்றுக்கணக்கான நைலான் இழைகளைச் சேர்த்து மேலே ஓர் உறை போட்டிருந்தார்கள். உறையின் இரு முனையும் திறந்திருந்தன.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியே அது மேலே ஏறுகிறது. ஒற்றைக் கம்பியில் ஏறுமா? ஏறாது. டால்கன் நூலும் ஒரு திரியாகிவிட்டது. வெளியிலிருந்த கிருமிகள் அந்தத் திரியின் வழியே கர்ப்பப்பைக்குள் ஏறின. சீழ்ப்பிடித்த வியாதிகள் வந்தன. பலருக்கு மலட்டுத்தன்மை உண்டாயிற்று. சிலர் இறந்தும் போனார்கள். 1974-ல் அந்நாட்டில் விற்பனை நின்றது. 1985-ல் கம்பெனி திவாலாகிக் கோர்ட்டில் சரணடைந்தது. 1976-ல் சாதனங்களுக்கும் பரீட்சை வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தது. பட்டுக் கொண்ட பின் வந்த புத்தி!

நைலான் என்ற பொருள் அன்றைக்கும் விஷமில்லை, இன்றைக்கும் விஷமில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போடுவதற்கு அதைத்தான் உபயோகிக்கிறார்கள். கஷாயப் பரீட்சையில் அது சுலபமாய்த் தேறியிருக்கும். தவறு நூற்ற முறையில் இருந்தது. ஆகையால், பொருளைத் தனியே சோதித்தால் போதாது. எந்த உருவத்தில், எந்த இடத்தில், எவ்வளவு காலம் அது இருக்கப் போகிறதோ அந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் லூப் வந்த கதை

நம் நாட்டிலும் பாடம் கற்றோம். வேறு விதமான பாடம். 1965-ல் லூப் வளையம் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. கான்பூரில் அதற்கென்று தொழிற்சாலையும் ஏற்பட்டது. லட்சக்கணக்கில் வளையங்களை வைத்தார்கள். எண்ணிக்கையை எட்டிப் பிடிப்பதில் இருந்த ஊக்கம், வைத்துக் கொண்டவரைத் திரும்பப் போய்ப் பார்ப்பதில் இல்லை. இரத்தப் போக்கும் வயிற்று வலியும் கண்ட ஸ்திரீகளுக்கு ஆறுதல் சொல்லவும் ஆளில்லை. வதந்திகள் கிளம்பின. சில வருஷத்திற்குள் லூப்பின் பேரைக் கேட்டாலே ஜனங்கள் ஓடும்படி ஆயிற்று. பாலிதீனுடைய குற்றம் இதில் கொஞ்சம். வைத்தவுடன் மறந்துவிட்ட குற்றம் அதிகம்.

இன்னொரு சம்பவம். 1985-ல் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள படான்செருவில் நெட்-என் என்னும் கர்ப்பத்தடை ஊசியைச் சோதனை முறையில் போட முகாம் ஏற்பாடாயிற்று. வந்த ஏழை ஸ்திரீகளுக்கு இது சோதனை என்பது சரியாய் விளங்கியிருக்கவில்லை. பெண்கள் சங்கத்தார் தலையிட்டுக் கேள்வி கேட்டார்கள். மறு வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் தொடுத்தார்கள். ஊசி வேறு, குச்சி வேறு என்றாலும் நியாயம் ஒன்றே. எலிக்குச் சம்மதம் கேட்க முடியாது. மனிதரிடம் கேட்காமல் இருக்கக் கூடாது.

கரக்பூர்ப் பேராசிரியரின் பொருள்

இனி நமது நாட்டிலேயே பிறந்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுஜய் குஹா என்னும் பேராசிரியர் 1970-களில் ஆராய்ச்சி தொடங்கி, பின்னால் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடத்தி வந்தது இது. பெயர் 'ரிசக்'. புருஷர்களுக்கான கர்ப்பத்தடை! ஸ்டைரீன் மேலியிக் அன்ஹைட்ரைட் என்ற பாலிமரை ஒரு திரவத்தில் கரைத்து, விந்தணு செல்லும் குழாய்க்குள் ஊசியால் செலுத்துவது. அது குழாயின் உட்சுவரில் படிந்து, கடந்து செல்லும் விந்தணுக்களின் மேலுறையைச் சிதைத்துப் பயனற்றதாக்குகிறது. குழாயை வெட்ட வேண்டுவதில்லை. தினம் மாத்திரை விழுங்க வேண்டுவதில்லை. ஹார்மோனும் இல்லை.

இதன் அவசியத்தை நேயர்கள் ஒரு கணக்கிலிருந்து அறியலாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான தம்பதிகளில் மனைவி கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டது நூற்றுக்கு 37.9, கணவன் செய்து கொண்டது 0.3. எங்கள் ஊர் மலைமேல் வீற்றிருக்கும் அர்த்தநாரீசுவரர் பாதி ஆண், பாதி பெண். தீபாராதனையில் கன்னத்தில் போட்டுக் கொள்ளும் புருஷர்கள், குடும்ப பாரத்தில் மட்டும் தங்கள் பாதியை மலையிலேயே விட்டுவிட்டு இறங்கி வருகிறார்கள் போலும்!

இவ்வளவு அருமையான பொருள், அதுவும் சுதேசிப் பொருள். உடனே வழங்கியிருக்கலாம் அல்லவா? வழங்கவில்லை. மனிதரிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடந்து கொண்டிருந்த சமயத்தில், 2002-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. முன்பு நடந்த விஷத்தன்மைப் பரீட்சைகள் சர்வதேச விதிகளுக்குப் போதுமானவையல்ல என்ற ஆட்சேபம் எழுந்தது. ஊசி போட்டுக் கொண்ட சிலரது சிறுநீரில் ஆல்புமின் கண்டதைப் பற்றியும் கேள்வி வந்தது. மூலப் பொருளைப் பற்றியும் சந்தேகம்: ஸ்டைரீன் தனியாயிருக்கும்போது நல்ல சரக்கல்ல. அது பாலிமராய்ப் பிணைந்த பின் வேறு பொருளாகிவிடுகிறது என்பது உண்மையே. சோடியமும் குளோரினும் தனித்தனியே ஆபத்து; சேர்ந்தால் ரசத்தில் போடும் உப்பு. ஆனால் பிணையாமல் தங்கிய ஸ்டைரீன் எவ்வளவு என்று அளந்து காட்டுவது பொருளை உண்டாக்கியவரின் கடமை. உவமை அளவுகோலாகாது.

பின்னர் விஷத்தன்மை, பரம்பரைக் கூறு, சிசு ஆகியவை பற்றிய பரீட்சைகள் பிராணிகளிடம் நடந்தன. ஜெய்ப்பூரில் மந்திக் குரங்குகளிடம் பொருளைத் திரும்பக் கரைத்து வெளியேற்றி, விந்து பழைய நிலைக்கு மீள்வதையும் பார்த்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் மேற்பார்வையில் டில்லி, ஜெய்ப்பூர், லூதியானா, உதம்பூர், கரக்பூர் ஆகிய ஐந்து இடங்களில் 303 தொண்டர்களுக்கு மூன்றாம் கட்ட ஊசி போடப்பட்டது. ஏழு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய மனைவியரின் சுகமும் கணக்கில் சேர்ந்தது. முடிவு 2023-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 97.3 பேருக்கு விந்தில் அணுவே காணவில்லை. கர்ப்பத்தடையில் மொத்தப் பலன் 99.02. கடுமையான தீங்கு எதுவும் காணப்படவில்லை. பேராசிரியருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நல்ல செய்திதான். ஆயினும் கணக்கு உபாத்தியாயரைப் போல் ஒரு வரியைச் சுட்டிக் காட்ட வேண்டும். குரங்கிடம் கண்ட மீட்சியை இந்தச் சோதனை மனிதரிடம் நிரூபிக்கவில்லை. 'வேண்டும்போது திறந்து கொள்ளலாம்' என்று சொல்லி விற்க வேண்டுமானால், திறந்து காட்டிய சாட்சி வேண்டும். மேலும், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கு 303 பேரில் தலைகாட்டாமலே போய்விடக்கூடும். அதற்காகத்தான் அநுமதி அளித்த பின்னும் எந்தச் சாதனத்தையும் கண்காணித்துக் கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

சுதேசிக்குச் சலுகை உண்டா?

சுதேச பக்தியுள்ள சிலர், "அந்நிய நாட்டார் விதித்த விதிகளுக்காக நமது கண்டுபிடிப்பு இருபது வருஷம் காத்திருந்ததே!" என்று வருந்துகிறார்கள். வருத்தத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. பணமும் ஆராய்ச்சிசாலையும் தாராளமாய் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம். மற்றப் பாதியை நாம் ஒப்புக் கொள்ள முடியாது. முயலின் சதைக்கு விலாயத்து, சுதேசி என்று பேதம் தெரியாது. ஸ்டைரீனுக்கும் தெரியாது.

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இருதய வால்வு செய்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் பரீட்சையில் தவறின. மூன்றையும் அவர்களே தள்ளினார்கள். நான்காவது மாதிரிதான் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. அதே ஸ்தாபனத்தின் பூஜப்புரைக் கிளையில் தேகத்திற்குள் வைக்கும் பொருள்களைப் பரீட்சிப்பதற்கென்றே ஆராய்ச்சிசாலைகள் இருக்கின்றன. தான் செய்த பொருளைத் தானே தோற்கடிக்கத் துணிந்தவனுடைய சரக்கைத்தான் உலகம் நம்பும். எங்கள் ஊர்ப் பட்டறைகளிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வட தேசத்துக் காடுகளுக்கெல்லாம் போகின்றன. பற்றவைத்த இடத்தை நன்றாய்ப் பார்க்காமல் அனுப்பினால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். தேகத்திற்குள் போகும் பொருளோ பட்டறைக்காரர் எட்டவே முடியாத இடத்திற்குப் போகிறது.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

இதையெல்லாம் படித்துவிட்டு, "இந்தச் சாதனங்களே வேண்டாம்" என்று யாரும் தீர்மானித்து விட வேண்டாம். காப்பர்-டியும் தோலடிக் குச்சியும் பல தேசங்களில் பல வருஷம் கண்காணிக்கப்பட்டு நற்சாட்சி பெற்றவை. அடுத்தடுத்து வரும் பிரசவத்தில் தாய்க்கு நேரும் அபாயம் அவற்றின் அபாயத்தைவிடப் பெரிது. நாம் சொல்வது, கேட்டு அறிந்து ஏற்க வேண்டும் என்பதே.

வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்தப் பொருள் எதனால் ஆனது? எத்தனை வருஷம் இருக்கலாம்? என்ன அடையாளம் கண்டால் உடனே ஓடி வர வேண்டும்? வேண்டாமென்றால் யார் எடுப்பார்கள், எங்கே எடுப்பார்கள்? இது வழக்கத்திலுள்ள சாதனமா, சோதனையிலுள்ளதா? சோதனையென்றால் நமது பாஷையில் எழுதிய சம்மதப் பத்திரம் எங்கே? வைத்த தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதிய அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தொந்தரவு வந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி அழுவதோடு நிறுத்தாமல், வைத்த இடத்திலேயே சென்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். அடுத்த ஸ்திரீக்கு அது உதவும். இந்தக் கேள்விகளை மனைவி மாத்திரம் கேட்டால் போதாது. கணவனும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.